மச்சக்காரர் பொடிக்கு வந்த போலி

துப்பறியும் சுயம்புவின் உதவியாளர் ரோஸ்மேரி அன்று காலை சாட்சியப் பொருளை எடுத்துப் பல் தேய்த்துவிட்டாள்.

வேண்டுமென்றேதான் தேய்த்தாள். திருவொற்றியூர்ப் பல்பொடிக் கம்பெனி முதலாளி ஆறுமுகநயினார் கொடுத்தனுப்பிய இரண்டு பொட்டலங்களும் கல்மண்டபத்து மாடி ஆபீஸில், மேஜை மேல் கிடந்தன. இரண்டின் மேலும் 'நயினார் பல்பொடி' என்று சாய்ந்த எழுத்து, பச்சைக் கரை, நடுவில் முத்துப்பல் தெரியச் சிரிக்கும் நயினாரின் முகம். ஒன்று அசல். மற்றது காத்திவாக்கத்துக் கடையில் பிடிபட்ட போலி.

சுயம்பு உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். "என்னம்மா, வாயெல்லாம் ரோஸா இருக்கு?"

"மேல் வரிசைக்கு அசலு, கீழ் வரிசைக்குப் போலி. தேச்சுப் பாத்தேன் சார். ரெண்டும் ஒரே டேஸ்ட்டு. அதே கிராம்பு, அதே உப்பு, அதே கற்பூரம்."

"போலின்னா செங்கப்பொடியில்லா இருக்கணும்?"

"அத்தான் சார் பேஜாரு. கில்ட்டு நகைன்னு புடிச்சு ஒரசிப் பாத்தா அத்தினியும் தங்கமாக் கீது."

சுயம்பு தாடையைத் தடவினார். தாடையைத் தடவினால் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று அர்த்தம். இந்த இரண்டு வருஷத்தில் ரோஸ்மேரி கற்றுக்கொண்ட துப்பறியும் சாஸ்திரத்தில் அதுதான் முதல் பாடம். அதற்கு முன் அவள் டெலிபோன் ஆபீஸில் இருந்தாள். பிறர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நுழைந்து யோசனை சொன்னதற்காக வேலை போயிற்று. சுயம்புவோ போலீஸில் சேர நாங்குநேரியிலிருந்து பட்டணம் வந்து, உயரம் போதாதென்று திருப்பி அனுப்பப்பட்டவர். ஊருக்குத் திரும்பினால் கேலி செய்வார்கள் என்று ராயபுரத்தில் சொந்தமாகப் பலகை மாட்டிவிட்டார்.

இந்த வழக்கில் குற்றவாளி யார் என்று பல்பொடிக் கம்பெனி மானேஜர் ராசையா ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியாயிற்று. அவர் நயினாரின் மருமகன். யுத்தத்துக்கு முன்னாலிருந்து நயினார் லேபிளை வரைந்துவரும் ஆர்ட்டிஸ்ட் ஹில்டாதான் திருடி என்றார் அவர். போலியில் இருக்கும் முடியின் சுருள், உதட்டின் வளைவு எல்லாம் அவள் கைவேலை. படத்தை யாருக்கோ விற்றுவிட்டாள். கம்பெனி வாசலில், வேலைக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் "திருடி" என்று சொல்லி ஹில்டாவைத் திருப்பி அனுப்பினார். சேதி காற்றைவிட வேகமாகப் போயிற்று. குடைக் கம்பெனியும் அப்பளக் கம்பெனியும் அவளிடம் கொடுத்திருந்த வேலையைத் திரும்பக் கேட்டுவிட்டன. நாளைக்குப் பம்பாயிலிருந்து வேறோர் ஆர்ட்டிஸ்ட் வருகிறான். நயினார் லேபிள் அவன் கைக்குப் போகப்போகிறது.

"வாங்க சார்" என்று ரோஸ்மேரி குடையை எடுத்தாள். "திருடி வூடு பக்கத்துலதான் கீது. நடந்தே பூடலாம்."

ஹில்டாவின் வீடு டிராம் போகும் சாலையை ஒட்டிய சந்தில் இருந்தது. டிராம் போகும்போதெல்லாம் மைப்புட்டிகள் கிணுகிணுத்தன. ஐம்பதை நெருங்கும் ஒற்றைநாடி உடம்பு. விரல் நுனியில் பச்சை மை. அழுத முகம்தான், ஆனால் கழுவிவிட்டு வந்திருந்தாள்.

சுவரில் நயினார் லேபிள்கள் பழையதிலிருந்து புதியது வரை வரிசையாக ஒட்டியிருந்தன. ரோஸ்மேரி ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து பார்த்தாள். முதல் லேபிளில் நயினாருக்கு வழுக்கை. அடுத்ததில் வழுக்கை பாதி மூடியிருந்தது. அதற்கடுத்ததில் தொங்கு தாடை காணாமல் போயிருந்தது. கடைசி லேபிளில் கல்யாண மாப்பிள்ளை.

"ஹில்டாக்கா, இன்னும் ரெண்டு லேபிள் போச்சுன்னா தொட்டில்ல போட்டுத்தான் வரையணும்போல கீதே!"

ஹில்டா அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் அனுப்புவார். 'கொஞ்சம் இளமை சேர்த்துக் கொடுங்க'ன்னு. சேர்ப்பேன். அவர் கேக்கிற திருத்தமெல்லாம் செய்வேன்னு நினைக்காதீங்க, மிஸ்டர் சுயம்பு. பச்சைக் கரையைத் தொட மாட்டேன். எழுத்தோட சாய்வைத் தொட மாட்டேன். இந்த மச்சத்தைத் தொடவே மாட்டேன்."

கன்னத்தில் மிளகு போல ஒரு மச்சம். எல்லா லேபிளிலும் இருந்தது.

"மச்சத்துல என்ன விசேஷம்?" என்றார் சுயம்பு.

"எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்க கடையில போய் 'நயினார் பல்பொடி'ன்னா கேக்கிறாங்க? 'மச்சக்காரர் பொடி கொடு'ன்னுதான் கேக்கிறாங்க. முகம் வயசைக் குறைச்சுக்கிட்டே போகலாம். ஜனங்க அடையாளம் பிடிச்சுக்கிற இடம் ஒண்ணு இருக்கு. அது அசையக் கூடாது. ஒரு லேபிளைப் பல வருஷம் காப்பாத்துறதுன்னா அதுதான்."

சுயம்பு போலிப் பொட்டலத்தை நீட்டினார். ஹில்டா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"என் படம்தான். ஆனா நான் வரைஞ்சது இல்லை. மேல மெழுகுத்தாளை வெச்சு யாரோ நகல் எடுத்திருக்காங்க. பாருங்க, கோடு நடுங்குது. பேனா பிடிச்சுப் பழகாத கை." சட்டென்று நிறுத்தினாள். "மச்சம் அந்தப் பக்கம் போயிருக்கே!"

ரோஸ்மேரி இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்தாள். உண்மைதான். அசலில் மச்சம் படத்தின் இடப்பக்கம், போலியில் வலப்பக்கம்.

"அச்சுல இடம்வலமாத் திரும்பிருக்கும்" என்றாள் ரோஸ்மேரி.

"அப்படின்னா எழுத்தும் திரும்பியிருக்கணும். வகிடும் திரும்பியிருக்கணும். எல்லாம் அப்படியே இருக்கு. மச்சத்தை மட்டும் யாரோ வேணும்னே எடுத்து அந்தப் பக்கம் வெச்சிருக்காங்க."

சுயம்பு தாடையைத் தடவவில்லை. மூக்கைச் சொறிந்தார். அது நல்ல அறிகுறி.

பகல் வண்டியில் எண்ணூர் போய், அங்கிருந்து காத்திவாக்கத்துக்கு நடந்தார்கள். கட்டுமரங்கள் கரையேறிக் கிடந்தன; வழியெல்லாம் இறால் காய்ந்தது. கமாலுதீன் பாயின் மளிகைக்கடையில் உப்புமூட்டை மேல் ஒரு பூனை படுத்திருந்தது.

"இந்தப் பொட்டலத்த யாரு பாய் குடுத்தது?" என்று ரோஸ்மேரி கேட்டாள்.

"ஒரு கெய்வன்மா. சித்திரை வெயில்ல மூஞ்சிய மப்ளர்ல சுத்திகினு வந்தாரு. காய்ச்சலான்னு கேட்டேன். என்னமோ பதில் சொல்றாரு, பாதிதான் வெளங்குச்சு. மப்ளர் நழுவுச்சு பாரு, வாயில ஒத்தப் பல்லு கெடையாது."

"பொக்கைவாயா? பல்பொடி விக்கவா வந்தாரு?"

"எனக்கும் அதே சிரிப்புத்தான். 'இந்தப் பொடி தேச்சுத்தான் எல்லாம் கொட்டிப்போச்சா பெரியவரே'ன்னு கேட்டுட்டேன். ஒரு மொறை மொறைச்சாரு பாரு! பெத்த பொண்ணைப் பத்திப் பேசுனா மாதிரி கோவம் வந்துடுச்சு."

சுயம்பு குறுக்கிட்டார். "சரக்குக்குத் துட்டு வாங்கிட்டுப் போனாரா?"

"வாங்கவே இல்ல சார். அப்புறம் வரேன்னாரு, வரவும் இல்ல. இன்னொண்ணு கேளு. பொட்டலத்தை உள்ள வெக்கப் போனேன். வேணாம்னுட்டு, அவரே எடுத்து வாசலாண்ட, நெஜம் நயினார் பொட்டலத்துக்குப் பக்கத்துலயே அடுக்கினாரு. 'நாலு பேர் பார்வையில படணும்'னாரு."

வெளியே வந்ததும் ரோஸ்மேரி விரல் விட்டு எண்ணினாள். "காசு வேணாங்கிற கள்ளன். அசல் சரக்கையே போட்டு விக்கிற போலி. அதையும் அசலுக்குப் பக்கத்துல குந்தவெச்சுக் காட்டுறான். சார், இவன் திருடன் இல்ல, லூசு."

"லூசு இல்லம்மா. பெருமைக்காரன்" என்றார் சுயம்பு.

திருவொற்றியூரில் இறங்கியதும் அவர் பல்பொடிக் கம்பெனிப் பக்கம் போகாமல் ஒரு சலூனுக்குள் நுழைந்தார். கண்ணாடி முன்னால் நின்றார். வலது கன்னத்தைத் தொட்டார். ரோஸ்மேரியைக் கூப்பிட்டுத் தனக்கு எதிரே நிற்கச் சொல்லி, மறுபடி கன்னத்தைத் தொட்டார். பிறகு வெளியே வந்தார்.

"இன்னா சார், அழகு கூடியிருக்கான்னு பாத்தீங்களா? அப்படியேதான் கீது."

"நீ போய் ஹில்டாவை ரிக்‌ஷாவுல கூட்டிட்டு வா. கம்பெனிக்கு."

கம்பெனி வாசலில் காவல்காரன் ஹில்டாவைக் கண்டதும் கதவை மறித்தான். "இவங்களை உள்ள விடக் கூடாதுன்னு மானேஜர் உத்தரவு."

"அது போலி ஹில்டாவை. இது அசலு. மோந்து பாரு, மைவாசனை வரும்" என்று சொல்லி ரோஸ்மேரி அவனைத் தாண்டி நடந்தாள். அவன் மோந்து பார்ப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

ஆபீஸ் அறையில் ஆறுமுகநயினார் பெரிய நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ராசையா. பொட்டலம் கட்டும் கெங்கம்மா எல்லோருக்கும் காபியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். நயினார் எல்லோரையும் சாப்பிடச் சொன்னார். அவர் மட்டும் முறுக்கைத் தொடாமல் காபியை உறிஞ்சினார். ஹில்டாவைப் பார்த்ததும் ராசையா எழுந்தார். நயினாரோ ஹில்டாவின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"மாமா, இந்தப் பொம்பளை உள்ள வரக் கூடாதுன்னு..."

"உக்காரும் ராசையா" என்றார் சுயம்பு. இரண்டு லேபிளையும் மேஜையில் வைத்தார். "கெங்கம்மா, இதுல எது உங்க முதலாளி?"

கெங்கம்மா கண்ணை இடுக்கினாள். "இத்து" என்று அசலைத் தொட்டாள். "அது யாரோ இவரு அண்ணன் தம்பி மாதிரி கீறாரு."

"ராசையா, நீரு சொல்லும்."

"அசல்தான் மாமா. இதுல என்ன சந்தேகம்?"

சுயம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நயினார் அண்ணாச்சி, ஹில்டாம்மாவை நான் சந்தேகப்படலை. ஏன் தெரியுமா? இந்தப் போலியைப் போட்டவனுக்கு வரையவே தெரியலை. கோடு கோழி கிண்டுன மாதிரி இருக்கு."

நயினாரின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது.

"முகத்துல களையே இல்லை" என்று சுயம்பு தொடர்ந்தார். "எல்லாத்துக்கும் மேல, மச்சம் எந்தக் கன்னத்துல இருக்குன்னுகூடத் தெரியலை அந்தக் குருட்டுப் பயலுக்கு."

"யாருவே குருட்டுப் பய?" நயினார் மேஜையில் குத்தினார். "குருடு யாருன்னு ஹில்டாவைக் கேளும்! எத்தனை வருஷமாச் சொல்லுதேன், மச்சம் தப்பான பக்கம் இருக்குன்னு! இந்தப் படத்துலதான் சரியான இடத்துல இருக்கு! தினமும் காலையில கண்ணாடியில பாக்கேன், எனக்குத் தெரியாதா என் முகம்?"

ரோஸ்மேரி முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினாள்.

"அதேதான் அண்ணாச்சி" என்றார் சுயம்பு மெல்ல. "ஊர்ல எல்லாரும் உங்களை எதிரே நின்னு பாக்காங்க. அவங்களுக்கு மச்சம் இடப்பக்கம் தெரியும். கண்ணாடியில பாத்தா வலப்பக்கம் தெரியும். உங்களை எப்பவும் கண்ணாடியில மட்டுமே பாக்கிற ஆளு இந்த உலகத்துல ஒருத்தர்தான் இருக்காரு."

"சும்மா உளறாதீரும்! சுவத்துல என் போட்டோ..."

"அந்தப் போட்டோவுலயும் மச்சம் இடப்பக்கம்தான். அதைப் பத்தி நீங்க என்ன சொல்லுவீங்கன்னு ராசையாவே சொல்லட்டும்."

ராசையா சுவரை அண்ணாந்து பார்த்தார். "போட்டோக்காரன் திருப்பிப் போட்டுட்டான்னு... மாமா எப்பவும் சொல்லுவாங்க."

நயினார் ஆவேசமாக எழுந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வேகத்தில் மேல்வரிசைப் பல் மொத்தமும் நழுவிக் காபி டம்ளருக்குள் விழுந்தது.

"ஐயையோ, மொதலாளி பல்லு!" என்று கெங்கம்மா அலறிக்கொண்டு வெளியே ஓடினாள்.

"காத்திவாக்கத்துக் கெய்வன்!" என்றாள் ரோஸ்மேரி. "மப்ளர் ஒண்ணுதான் பாக்கி!"

நயினார் டம்ளரிலிருந்து பல்லை எடுத்தார், வேஷ்டியில் துடைத்தார், திரும்பி நின்று மாட்டிக்கொண்டார். மறுபடி இவர்கள் பக்கம் திரும்பியபோது அவர் முகத்திலிருந்த முறுக்கெல்லாம் போயிருந்தது.

"வியாபாரிகள் சங்கத்துல போய் உக்கார முடியலைவே" என்றார் தாழ்ந்த குரலில். "மூக்குப்பொடிக்காரருக்கு நாலு போலி. சாம்பிராணிக்காரருக்கு ரெண்டு போலி, அதுல ஒண்ணு கொழும்புல. 'நயினார் அண்ணாச்சி, உங்களுக்கு எத்தனை?'ன்னு கேக்கான். ஒண்ணும் இல்லைன்னா சிரிக்கான். திருடன்கூட சீந்தாத சரக்குன்னு ஆயிப்போச்சே! அதான் நானே ஒண்ணு போட்டேன். செங்கப்பொடி போட மனசு வரலை. என் பேரு இருக்குல்லா?"

"துப்பறியிறதுக்கு என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"துப்பறிவாளர் வந்தாத்தானே பத்திரிகையில போடுவான்? நீரும் நம்ம நாங்குநேரிக்காரரு. அதோட..." நயினார் தயங்கினார். "நீரு கண்டுபிடிக்க மாட்டீருன்னு எல்லாரும் சொன்னாங்க."

சுயம்புவின் முகம் வாடியது. ரோஸ்மேரி அவர் காதருகே குனிந்தாள். "வுடுங்க சார். மொத தபா ஒருத்தர் உங்கள நம்பி ஏமாந்துகீறாரு. பெரிய விஷயம்."

அதுவரை பேசாமலிருந்த ஹில்டா எழுந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"என் முகத்தைவிட உங்க முகத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கேன், மிஸ்டர் நயினார். ஒவ்வொரு சுருக்கமும் எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணா நான்தான் அழிச்சேன். வாசல்ல என்னைத் திருடின்னு சொன்னப்போ நீங்க மாடி ஜன்னல்ல நின்னீங்க. அந்த முகத்தையும் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

நயினார் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா வெளிய தெரிஞ்சிரும்னு பயந்துட்டேன் தாயி. ராசையா அப்படிப் பேசுவான்னு நினைக்கலை. பேசினதும் எப்படித் திருப்புறதுன்னு தெரியலை."

"எங்க சொன்னாங்களோ அங்கயே திருப்பணும்" என்றார் சுயம்பு. "வாசல்ல."

வேலையாட்கள் எல்லோரும் வாசலுக்கு அழைக்கப்பட்டார்கள். நயினார் ஒரு காலிப் பெட்டி மேல் ஏறி நின்று, ஹில்டாம்மா குற்றமற்றவர், போலி போட்டது நான்தான் என்றார். கூட்டத்துக்கு விளங்கவில்லை.

"உங்க பொடிய நீங்களே திருடுனீங்களா மொதலாளி?" என்று கெங்கம்மா கீழேயிருந்து கேட்டாள்.

"ஆமா."

"எதுக்கு?"

நயினார் பதில் தேடி வானத்தைப் பார்த்தார். "புத்தி கெட்டுப்போய்" என்றார் கடைசியில். அந்த விளக்கம் எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது. ராசையாவும் பெட்டி மேல் ஏறி மன்னிப்புக் கேட்டார். அவர் குரல் கேட்கவில்லையென்று ரோஸ்மேரி இரண்டு தடவை திரும்பச் சொல்லவைத்தாள்.

ஹில்டா அதோடு விடவில்லை. குடைக் கம்பெனிக்கும் அப்பளக் கம்பெனிக்கும் நயினாரே நேரில் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். பம்பாய்க்காரனை நாளைய வண்டியிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். "அடுத்த லேபிள்ல உங்க வயசை வரைவேன்" என்றாள்.

"முழு வயசுமா?" என்றார் நயினார் பரிதாபமாக.

"முழுசும்."

அவர் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே காஞ்சிபுரத்திலிருந்து சரக்கு ஏற்ற வந்த லாரி வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி, சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ராசையாவிடம் கொடுத்தான். "எங்க ஏஜெண்டு கொடுக்கச் சொன்னாருங்க. நம்ம சரக்கு மாதிரி இல்லையாம். ஜனங்க சண்டைக்கு வர்றாங்களாம்."

ராசையா பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போய் மாமனிடம் நீட்டினார். 'நைனா பல்பொடி' என்று போட்டிருந்தது. பச்சைக் கரை. நடுவில், காலண்டர் கிருஷ்ணனுக்கு மீசை வைத்தது போல ஒரு முகம். நயினார் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார். அவர் கண்கள் கலங்கின.

"செங்கல்" என்றார். "சுத்தமான செங்கப்பொடி! இது நான் போட்டதில்லைவே! எவனோ போட்டிருக்கான்! என் பொடிக்கு எவனோ ஒருத்தன் நிஜமாவே போலி போட்டிருக்கான்!"

"கலீஜு! இதப் போட்டா ஜனங்க பல்லு தேய்க்குது?" என்று ரோஸ்மேரி குடையை விரித்தாள். "வாங்க சார், லாரி திரும்பறதுக்குள்ள ஏறிப்போம்."

சுயம்பு தொப்பியை மாட்டிக்கொண்டு லாரியை நோக்கி ஓடினார். உயரம் போதாததால் டிரைவர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. சரக்கு ஏறியதும் வண்டி கிளம்பியது. ஆறுமுகநயினார் பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடிவந்தார்.

"மெதுவாப் போங்கவே!" என்று புழுதிக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. "ஒண்ணும் அவசரமில்லை! சங்கத்துக் கூட்டம் முடிஞ்சு பிடிச்சாப் போதும்!"